மூளையைக் கட்டும் புரதமே புற்றைப் பரப்புமா?

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பதைச் சுருக்கித் தருகிறேன். "என் மாமாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்தது. இப்போது ஸ்கேனில் கல்லீரலிலும் இரண்டு இடத்தில் இருக்கிறது என்கிறார்கள். பயோடெக் படிக்கும் என் தங்கை, வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு மூளை வளரும்போது செல்களுக்கு வழிகாட்டும் புரதங்கள்தான் புற்றுநோய் பரவுவதற்கும் காரணம் என்று பாடத்தில் வருகிறது என்கிறாள். அப்படியானால் அந்தப் புரதத்தை நிறுத்த மருந்து இல்லையா? இருந்தால் ஏன் மாமாவுக்குக் கொடுக்கவில்லை? கொடுத்தால் மூளை பாதிக்குமா? வீட்டில் பெரியவர்கள் எல்லாம் மணலித் தொழிற்சாலைகளின் புகைதான் காரணம் என்கிறார்கள். அதுவும் சரியா?"

தங்கை சொன்னது தப்பில்லை தம்பி. ஆனால் பாடத்தில் ஒற்றை வரியாக வரும்போது அது வேறு மாதிரி காதில் விழுகிறது. மூளையில் ஒழுங்காக வேலை பார்த்த ஒரு புரதம், வயதான காலத்தில் கெட்டுப்போய் குடலில் தன் வேலையைக் காட்டுகிறது என்பது போல. விஷயம் அதுவல்ல. இந்தப் புரதங்கள் வெறும் சமிக்ஞைகள். அதைப் படிக்கும் செல் எது, எப்போது படிக்கிறது, படித்துவிட்டு என்ன செய்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. நான் நோய்க்கூறியல் ஆள். திசுத் துண்டை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் பிழைப்பு. அதனால் மாமாவுக்கு எந்த மருந்து என்பதில் நான் தலையிட மாட்டேன். மற்றதைச் சொல்கிறேன்.

மூளையிலிருந்து ஆரம்பிக்கலாம். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை பிறந்த இடத்தில் தங்குவதில்லை. கருவின் மூளைக்கு நடுவே திரவம் நிறைந்த அறைகள் உண்டு. பெருமூளையின் மேலடுக்குக்குப் போக வேண்டிய நியூரான்கள் அந்த அறைச் சுவரை ஒட்டிப் பிறந்து, வெளிப்பக்கம் நோக்கிக் கிளம்புகின்றன. கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை இந்த நடமாட்டம் மும்முரமாக நடக்கும். 1972-ல் பாஸ்கோ ராகிச் என்ற ஆய்வாளர் குரங்குக் கருவின் மூளையை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் ஆராய்ந்து, அறைச் சுவரிலிருந்து மேற்பரப்பு வரை நீண்டிருக்கும் மெல்லிய கிளியா (நியூரான்களுக்குத் துணை நிற்கும் செல்கள்) இழைகளைப் பற்றிக்கொண்டுதான் அவை ஏறுகின்றன என்று காட்டினார். வரிசையும் வேடிக்கையானது. முதலில் கிளம்பியவை அடி அடுக்கில் நின்றுவிடும். பின்னால் பிறந்தவை அவற்றைத் தாண்டி மேலே போய் இடம் பிடிக்கும்.

நகர்வது எப்படி? செல் முதலில் முன்பக்கமாக மெல்லிய கை ஒன்றை நீட்டும். அது சுற்றுமுற்றும் தடவிப் பார்க்கும். வழி சரி என்று பட்டால் பின்னால் கிடக்கும் உட்கரு ஒரே இழுப்பில் முன்னே வரும். அப்புறம் நிற்கும். மறுபடி கை நீட்டும். மணிக்குச் சில பத்து மைக்ரோமீட்டர்தான் வேகம். ஒரு தலைமுடியின் தடிமனைக் கடக்கவே இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். இதில் கஷ்டமான கட்டம் உட்கருவை இழுப்பது. டைனீன் என்ற மோட்டார் புரதம் அதைச் செய்கிறது. அதற்கு லிஸ்1 என்ற புரதம் துணை. 17-ஆம் குரோமோசோமில் உள்ள லிஸ்1 மரபணுவின் ஒரு பிரதி கெட்டாலே நியூரான்கள் நடுவழியில் நின்றுவிடும். மேடும் பள்ளமுமாக மடிந்திருக்க வேண்டிய மூளை வழவழவென்று இருக்கும். டபுள்கார்டின் என்று இன்னொரு புரதம். அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அது கெட்டால் ஆண் குழந்தைக்கு அதே வழவழ மூளை. பெண் குழந்தைக்கு எக்ஸ் இரண்டு என்பதால், சில நியூரான்கள் ஒழுங்காகப் போய்ச் சேரும், மற்றவை பாதி வழியில் தனி அடுக்காகத் தேங்கிவிடும். எம்.ஆர்.ஐ. படத்தில் மூளைக்குள்ளே இன்னொரு மூளை வரைந்தது போலத் தெரியும். இந்தக் குழந்தைகள் பெரும்பாலும் வலிப்புக்காகத்தான் டாக்டரிடம் வருவார்கள்.

சரி, எங்கே போவது என்று செல்லுக்கு யார் சொல்வது? நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம். கல்மண்டபத்தில் கண்ணைக் கட்டி விட்டாலும் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு மூக்கே வழி சொல்லிவிடும். நெருங்க நெருங்க மீன் வாசம் ஏறும், விலகினால் குறையும். கருவுக்குள்ளும் ஒரு புரதம் ஓரிடத்தில் சுரந்து, கசிந்து பரவுகிறது. எந்தப் பக்கம் அதன் செறிவு கூடுகிறது என்பதைச் செல் தன் மேலிருக்கும் ஏற்பிகளால் உணர்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். விடியற்காலையில் அந்த வாசத்தைப் பிடித்துக் கூடையோடு போகிறவர்களும் உண்டு; அதே வாசத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு வண்டியைத் திருப்புகிறவர்களும் உண்டு. வாசம் ஒன்றுதான். நெட்ரின் என்ற புரதமும் இதே கதைதான். டி.சி.சி. என்ற ஏற்பி இருக்கும் செல்லை அது இழுக்கும். அன்க்5 என்ற ஏற்பி இருந்தால் அதே நெட்ரின் தள்ளிவிடும்.

இப்படி ஒரு வேதி ஈர்ப்பு இருக்க வேண்டும் என்று ஸ்பெயின் நாட்டு ரமோன் இ கஹால் 1890-களிலேயே ஊகித்திருந்தார். கையில் பிடித்துக் காட்டத்தான் நூறு வருஷம் ஆனது. 1994-ல் சான் பிரான்சிஸ்கோவில் மார்க் டெஸியே-லவீன் குழுவினர் சுமார் 25,000 கோழிக் கருக்களின் மூளைகளை அரைத்து, வடித்து, நெட்ரினைப் பிரித்தெடுத்தார்கள். அவ்வளவு மூளைக்கும் கிடைத்த புரதம் மிகச் சொற்பம். ஸ்லிட், செமாஃபோரின், எஃப்ரின் என்று மற்றக் குடும்பங்களும் அதையொட்டிய வருடங்களில் வரிசையாக வந்தன. இவற்றில் பல, நியூரானின் நீண்ட வாலுக்கு வழிகாட்டுபவையாகத்தான் முதலில் தெரியவந்தன. முழுச் செல்லையும் நகர்த்துகின்றன என்பது பிறகு தெரிந்தது.

இந்தப் பயணங்களில் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் தருவது ஒன்று உண்டு. நம்மைப் பருவம் எய்த வைக்கும் ஹார்மோனைச் சுரக்கச் சொல்லி உத்தரவிடும் நியூரான்கள் மூளையில் பிறப்பதே இல்லை. மூக்கில் பிறக்கின்றன. கருவின் மூக்குப் பகுதியில் தோன்றி, வாசனை நரம்புகளின் ஓரமாகவே ஊர்ந்து, மூளைக்குள் நுழைந்து, அதன் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸில் போய் உட்காருகின்றன. வழியில் அனோஸ்மின் என்ற புரதம் இல்லாமல் போனால் அந்த நரம்புகளும் மூளையோடு சேர்வதில்லை, இந்தச் செல்களும் போய்ச் சேர்வதில்லை. விளைவு என்ன தெரியுமா? பதினேழு பதினெட்டு வயதாகியும் மீசை அரும்பாத, குரல் உடையாத பையன். மூக்கருகே மல்லிகைப் பூவை நீட்டினால் ஒன்றும் தெரியவில்லை என்பான். இதைக் கால்மன் நோய்க்குறி என்பார்கள். பருவம் எய்தாததற்கும் வாசனை தெரியாததற்கும் என்ன சம்பந்தம் என்று பெற்றவர்களுக்குப் புரியாது. வாசனை பற்றி டாக்டரிடம் சொல்லக்கூட மாட்டார்கள். ஹார்மோன் ஊசியில் நன்றாகப் பலன் கிடைக்கிற நோய் இது. அதனால் யார் வீட்டிலாவது இப்படி இருந்தால் வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள்.

சொந்தத்தில் கல்யாணம் செய்கிற நம் ஊருக்கு இன்னொரு செய்தியும் இதில் இருக்கிறது. ரீலின் என்று ஒரு புரதம், மேலே வரும் நியூரான்கள் அடுக்கடுக்காக ஒழுங்குபட உதவுகிறது. 1951-ல் எடின்பரோவில் ஃபால்கனர் என்பவர் தள்ளாடி நடக்கும் எலி ஒன்றை விவரித்தார். அந்த எலியில் கெட்டிருந்த மரபணு எது என்று 1995-ல்தான் தெரிந்தது, அதுதான் ரீலின். மனிதரில் இந்த மரபணுவின் இரண்டு பிரதிகளும் கெட்டால் வழவழ மூளையோடு சிறுமூளையும் சுருங்கிப் போகும். ஸ்லிட்டைப் படிக்கும் ஏற்பிகளின் குடும்பத்தில் ரோபோ3 என்று ஒன்று. அதன் இரண்டு பிரதிகளும் கெட்டவர்களுக்குக் கண்ணை இட வலமாக உருட்ட முடியாது, முதுகெலும்பும் வளைந்துகொண்டே போகும். இரண்டு பிரதியும் ஒருசேரக் கெடுவது தாய்மாமன், அத்தை மகன் உறவில் நடக்கும் கல்யாணங்களில் கூடுதலாக நேரும்.

இனி உங்கள் மாமாவின் குடலுக்கு வருவோம். நான் மேலே சொன்ன டி.சி.சி.யை மூளைக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. 1990-ல் பெர்ட் வோகல்ஸ்டைன் குழுவினர் பெருங்குடல் புற்றுக் கட்டிகளில் 18-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு அடிக்கடி காணாமல் போவதைக் கவனித்து, அங்கே இருந்த மரபணுவுக்கு வைத்த பெயர் அது. பெருங்குடல் புற்றில் தொலைந்தது என்பதுதான் அந்த எழுத்துகளின் விரிவே. அது என்ன வேலை செய்கிறது என்று அப்போது தெரியாது. 1996-ல்தான் அது நெட்ரினின் ஏற்பி என்று தெரிந்தது. புற்றுநோய் ஆராய்ச்சியில் கிடைத்த பொருளுக்கு விளக்கம் முதுகுத்தண்டு வளர்ச்சியிலிருந்து வந்தது. எஃப்ரினுக்கான முதல் ஏற்பியும் 1987-ல் கல்லீரல் புற்றுச் செல்களிலிருந்து எடுக்கப்பட்டதுதான். ஆக உங்கள் தங்கையின் பாடத்தில் இரண்டும் ஒன்றாக வருவது சும்மா அல்ல.

ஆனால் கதை நேராகப் போகவில்லை. 1997-ல் டி.சி.சி. இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். குடலில் கட்டி வரும் என்று காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம். மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றைதான் இல்லாமல் போயிருந்தது. மனிதரிலும் அப்படியே. டி.சி.சி. மரபணுவின் ஒரு பிரதி கெட்ட சில குடும்பங்களில் கண்ணாடி அசைவு என்று ஒரு கோளாறு வருவதை 2010-ல் கண்டார்கள். அவர்கள் வலது கையால் பேனாவைப் பிடித்து எழுதினால், மேசை மேல் சும்மா கிடக்கும் இடது கையின் விரல்களும் அதே எழுத்தை எழுதுவது போல அசையும். ஒரு கையால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் மூடியைத் திருகச் சொன்னால் பிடித்திருக்கும் கையும் சேர்ந்து திரும்பும். புத்தியில் பெரும்பாலும் குறை இருக்காது. மூளையிலிருந்து கீழே வரும் நரம்புகள் நடுக்கோட்டைக் கடக்க வேண்டிய இடத்தில் சரியாகக் கடக்காததால் ஒரே உத்தரவு இரண்டு கைக்கும் போய்விடுகிறது.

அப்படியானால் குடலில் டி.சி.சி.க்கு என்ன வேலை? இதற்கு பிரான்ஸ் நாட்டு பாட்ரிக் மேலென் என்பவர் 1998-ல் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்தமானது. நெட்ரின் வந்து ஒட்டியிருக்கும்வரை டி.சி.சி. செல்லை வாழ விடுகிறது. நெட்ரின் இல்லாத இடத்துக்குச் செல் போய்விட்டால் அதே டி.சி.சி. செல்லைச் சாகச் சொல்கிறது. இடம் மாறிப் போன செல்லை ஒழித்துக் கட்டும் ஏற்பாடு இது. புற்றுச் செல் இதிலிருந்து தப்ப இரண்டு வழி: டி.சி.சி.யைத் தொலைத்துவிடுவது, இல்லாவிட்டால் தானே நெட்ரினைச் சுரந்துகொள்வது. குடலில் நெட்ரினைக் கூடுதலாகச் சுரக்க வைத்த எலிகளுக்குக் கட்டி வந்தது. சாகச் சொல்லும் திறனை மட்டும் டி.சி.சி.யிலிருந்து நீக்கிய எலிகளுக்கும் கட்டிகள் கூடின. இருந்தாலும் 18-ஆம் குரோமோசோமின் அதே துண்டில் ஸ்மாட்4 என்ற, புற்றை அடக்கும் இன்னொரு மரபணுவும் இருக்கிறது. இழப்பில் எது எவ்வளவு பங்கு என்ற சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை.

மாமாவின் பயாப்சி ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். பெரிய கட்டியை வெட்டி எடுத்த பிறகு கொடுக்கும் ரிப்போர்ட்டில் டியூமர் பட்டிங் என்று ஒரு வரி இருக்கலாம். இதை எழுதும் நேரத்தில் நான் பார்ப்பது இதுதான்: ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றிய ஸ்லைடில் கட்டியின் நடுப்பகுதி கோணல்மாணலான சுரப்பிகளாக இருக்கும். கோணலானாலும் செல்கள் ஒன்றையொன்று ஒட்டி, வரிசை கட்டித்தான் நிற்கும். கட்டியின் முன்விளிம்புக்கு ஸ்லைடை நகர்த்தினால் காட்சி மாறும். வரிசையிலிருந்து கழன்று, ஒன்றாகவோ, இரண்டு மூன்றாகவோ, அதிகபட்சம் நான்காகவோ செல்கள் நார்த்திசுவுக்குள் இறங்கியிருக்கும். அப்படிப்பட்ட சின்னச் சின்னக் கூட்டங்களை ஒரு குறிப்பிட்ட பரப்புக்குள் எண்ணுவோம். நாலு வரை என்றால் குறைவு, ஐந்து முதல் ஒன்பது வரை நடுத்தரம், பத்தும் அதற்கு மேலும் என்றால் அதிகம். எண்ணிக்கை கூடினால் நிணநீர்க் கணுவுக்குப் போயிருக்கும் வாய்ப்பும் கூடும்.

அந்த விளிம்புச் செல்கள் செய்வது புதுசு இல்லை. பக்கத்துச் செல்லோடு ஒட்டவைக்கும் ஈ-கேட்ஹெரின் என்ற புரதத்தைக் குறைத்துக்கொண்டு தனியாகக் கிளம்புகின்றன. கருவிலும் இது நடக்கிறது. நரம்புக் குழாயின் முகட்டிலிருந்து ஒரு கூட்டம் செல்கள் இப்படித்தான் கழன்று உடல் முழுக்கப் பரவி, தோலின் நிறமிச் செல்களாகவும் முக எலும்புகளாகவும் குடலுக்குள் இருக்கும் நரம்புகளாகவும் ஆகின்றன. ஸ்நெயில், ஸ்லக், ட்விஸ்ட் என்று அதை நடத்தும் மரபணுக்கள் நம் ஒவ்வொரு செல்லிலும் இருக்கின்றன, வேலை முடிந்து அடைக்கப்பட்ட நிலையில். புற்றுச் செல் அவற்றைத் திறந்துகொள்கிறது. இன்னும் வேடிக்கை, கல்லீரலில் போய் உட்கார்ந்த கட்டியை எடுத்து ஸ்லைடு போட்டால் அங்கே மறுபடியும் குடலைப் போலவே சுரப்பிகள் தெரியும். போய்ச் சேர்ந்ததும் பழையபடி வரிசை கட்டிவிடுகின்றன.

ஆனால் குடல் புற்று ஏன் கல்லீரலுக்கே போகிறது என்று கேட்டால், எல்லாவற்றையும் வழிகாட்டும் புரதத்தின் தலையில் கட்டிவிட முடியாது. குடலின் ரத்தம் பெரும்பாலும் போர்ட்டல் சிரை என்ற ரத்தக் குழாய் வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. கழன்ற செல் முதலில் மாட்டும் இடம் அது. அதேசமயம் ரத்த ஓட்டம் மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. 1889-லேயே லண்டனில் ஸ்டீபன் பேஜட் 735 மார்பகப் புற்று மரணங்களைப் புரட்டிப் பார்த்து, ரத்தம் இரண்டுக்கும் போனாலும் மண்ணீரலை விட்டுவிட்டுக் கல்லீரலையே நோய் அதிகம் பிடிப்பதைச் சுட்டிக்காட்டினார். அதற்கு ஒரு பாதி விடை 2001-ல் வந்தது. மார்பகப் புற்றுச் செல்களில் சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்ற ஏற்பி மிகுதி. நிணநீர்க் கணு, நுரையீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை ஆகிய இடங்கள் அதற்கான சமிக்ஞைப் புரதத்தை நிறையச் சுரக்கின்றன. மூளையில் இதே ஜோடிக்கு வேறு வேலை. சிறுமூளையின் மேல்விளிம்பில் இளம் செல்களை, நேரம் வரும்வரை உள்ளே இறங்காமல் பிடித்துவைப்பது இதுதான்.

மூளையிலேயே வரும் கிளியோபிளாஸ்டோமா கட்டி இன்னும் மோசம். 1928-ல் பால்டிமோரில் வால்டர் டேண்டி கட்டி இருந்த பக்கத்து மூளைப் பாதியையே எடுத்துப் பார்த்தார். நோய் மறுபக்கத்தில் தலைகாட்டியது. ஸ்லைடில் பார்த்தால் ஏன் என்று புரியும். கட்டி முடிந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தையும் தாண்டி, நல்ல நியூரான் ஒன்றைச் சுற்றி மூன்று நான்கு கறுத்த உட்கருக்கள் உட்கார்ந்திருக்கும். ரத்தக் குழாய் ஓரத்தில் சில, வெள்ளைப் பகுதியின் நரம்பிழைகளுக்கு நடுவே நீண்டு மெலிந்த சில. முன்னே கை நீட்டி, பின்னால் உட்கருவை இழுத்துக்கொள்வது என்று, கருவில் நியூரான் ஊர்ந்த அதே முறையில்தான் இவை ஊர்கின்றன. ஆனாலும் மூளையை விட்டு வேறு உறுப்புக்குப் போவது அபூர்வம்.

இனி மருந்து. நகர்வதை நிறுத்தினால் போதுமே என்று நீங்கள் கேட்டதை மருந்து கம்பெனிகளும் நினைத்தன. செல் தன் வழியில் உள்ள திசுவைக் கரைக்கப் பயன்படுத்தும் நொதிகளைத் தடுக்கும் மருந்துகளை 1990-களில் பெரிய அளவில் சோதித்தார்கள். எதிர்பார்த்த பலன் இல்லை, மூட்டுவலிதான் மிச்சம். செல் தரையைப் பற்றும் இன்டெக்ரினைத் தடுக்கும் சிலெங்கிடைட் என்ற மருந்து கிளியோபிளாஸ்டோமாவில் பெரிய பரிசோதனை வரை போய், நோயாளிகளின் ஆயுளைக் கூட்டவில்லை என்று 2014-ல் வெளியான முடிவோடு கைவிடப்பட்டது.

என் கணிப்பில் காரணம் எளிது. கட்டி கண்ணில் படுகிற நேரத்தில் கிளம்ப வேண்டியவை பெரும்பாலும் கிளம்பிப் போய்விட்டன. உங்கள் மாமாவின் கல்லீரலில் தெரியும் இரண்டும், குடலில் ஆபரேஷன் செய்த அன்றைக்கே அங்கே சின்னதாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். இனிமேல் பயணத்தைத் தடுப்பதைவிட, போய் உட்கார்ந்ததைக் கொல்வதும் வெட்டி எடுப்பதும்தான் காரியம். அப்புறம், ஒரு வழியை அடைத்தால் செல் இன்னொரு வழியில் நகரும். மூன்றாவது சிக்கல் சமிக்ஞையின் இரட்டைக் குணம். பல கட்டிகளில் ஸ்லிட்2 மரபணு வாயடைக்கப்பட்டிருக்கிறது, அங்கே அது புற்றை அடக்கும் பக்கம் நின்றது என்று அர்த்தம். வேறு சில இடங்களில் அதே ஸ்லிட் புது ரத்தக் குழாய்களை வளர்க்க உதவுகிறது. எந்தக் கட்டியில் எதைத் தடுப்பது?

ஆனால் மருந்தே இல்லை என்று நினைக்காதீர்கள். நெட்ரினைத் தடுக்கும் எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) ஒன்று மனிதரில் சோதிக்கப்பட்டு, கருப்பை உட்சுவர்ப் புற்று உள்ள ஒரு சிறு குழுவில் கிடைத்த முடிவுகள் 2023-ல் வெளிவந்தன. சிலருக்கு நோய் வளராமல் நின்றது. இன்னும் பரிசோதனைக் கட்டம்தான். உங்கள் மாமாவுக்கு இன்றைக்கு எழுதிக் கொடுக்கும் மருந்தல்ல. சி.எக்ஸ்.சி.ஆர்.4-ஐத் தடுக்கும் பிளெரிக்ஸாஃபோர் 2008-லிருந்தே கிடைக்கிறது. வேடிக்கை என்னவென்றால் அதன் வேலை செல்லை நிறுத்துவது அல்ல, கிளப்புவது: மஜ்ஜையில் ஒட்டிக்கிடக்கும் ஸ்டெம் செல்களை ரத்தத்துக்குக் கொண்டுவந்து, மையலோமா என்ற ரத்தப் புற்று நோயாளிகளுக்கு மாற்றுச் சிகிச்சைக்காகச் சேகரிப்பது.

இன்னொன்று, இந்தக் குடும்பத்தின் உறவுக்கார மருந்து ஒன்று மாமாவின் சீட்டிலேயே இருக்கக்கூடும். கீமோவோடு பெவாசிசுமாப் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அது வி.ஈ.ஜி.எஃப். என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. கட்டிக்குப் புது ரத்தக் குழாய்களை வரவழைக்கும் புரதம் அது. செமாஃபோரினைப் படிக்கும் நியூரோபிலின் என்ற அதே ஏற்பியைத்தான் வி.ஈ.ஜி.எஃப்.-உம் பயன்படுத்துகிறது. பெருங்குடல் புற்றுக்கு இந்த மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2004-ல். அதே ஆண்டில்தான், எலிக் கருவில் முக நரம்பின் நியூரான்களை இடம் சேர்ப்பது வி.ஈ.ஜி.எஃப். என்றும் வெளியானது. இந்த மருந்து போகும் காலத்தில் புண் ஆறுவது தாமதமாகும், அதனால் கல்லீரலில் ஆபரேஷன் பேச்சு வந்தால் சில வாரம் முன்பே அதை நிறுத்துவார்கள். பயப்பட வேண்டாம்.

மூளை பாதிக்குமா என்ற கேள்விக்கு: வயது வந்தவரின் மூளையில் பெரிய குடியேற்றமெல்லாம் முடிந்துவிட்டது. இந்த வகை எதிர்ப்புரத மருந்துகள் ரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் நுழைவதும் இல்லை. நிஜமான ஆபத்து கர்ப்பிணிகளுக்குத்தான். ஹெட்ஜ்ஹாக் என்ற வளர்ச்சிச் சமிக்ஞையைத் தடுக்கும் விஸ்மோடெகிப் ஒரு வகைத் தோல் புற்றுக்கு 2012-லிருந்து இருக்கிறது. அதைக் கர்ப்பிணிகள் சாப்பிடவே கூடாது, சாப்பிடும் ஆண்களுக்கும் கட்டுப்பாடு உண்டு.

மணலி புகை பற்றி. காற்று மாசு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய்ப் பிரிவு 2013-ல் அறிவித்தது, ஆனால் அதற்கான வலுவான சான்று நுரையீரல் புற்றுக்கு. பெருங்குடல் புற்றில் நிரூபணமான காரணங்கள் வயது, குடும்ப வரலாறு, குடி, புகை, உடல் எடை, பதப்படுத்திய இறைச்சி போன்றவை. மணலி, எண்ணூர்க் காற்றின் மேல் நமக்கிருக்கும் கோபம் நியாயமானது, அதைக் குறைக்க வேண்டாம். மாமாவின் குடலுக்கு அதைக் காரணம் காட்டி, வீட்டில் மற்றவர்கள் சோதனை செய்துகொள்ளாமல் விடுவதுதான் தப்பு.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். கல்லீரலில் இரண்டே இடம் என்றால் வெட்டி எடுக்க முடியுமா என்று கட்டாயம் கேளுங்கள். நாலாவது ஸ்டேஜ் என்றதும் கையை விரித்துவிடுகிற நோய் இல்லை இது. கல்லீரல் கட்டியை முழுதாக எடுக்க முடிந்தவர்களில் ஒரு பகுதியினர் பல வருடங்கள் நோயில்லாமல் இருக்கிறார்கள். நம் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே குடல், கல்லீரல் அறுவைக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. மாமாவின் பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் நாற்பது வயதில், அல்லது அவருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பே, இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது கொலனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை) செய்துகொள்ள வேண்டும். அந்த வயதைத் தாண்டியவர்கள் இப்போதே செய்யலாம். கட்டியில் எம்.எம்.ஆர். என்ற, டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் புரதங்கள் இருக்கின்றனவா என்ற சோதனை செய்தார்களா என்றும் கேளுங்கள்; அந்தப் புரதங்கள் இல்லை என்று முடிவு வந்தால் பரம்பரை நோயா என்று பார்க்க வேண்டும், உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபியும் வேலை செய்ய வாய்ப்பு உண்டு. அந்தச் சோதனைக்குப் புதிதாகத் திசு எடுக்கத் தேவையில்லை. ஆபரேஷனில் எடுத்த துண்டு மெழுகு பிளாக்காக லேபில் இருக்கும். ரிப்போர்ட்டின் மேல்மூலையில் உள்ள பயாப்சி எண்ணைக் காட்டி, பிளாக்கையும் ஸ்லைடையும் எழுதிக் கொடுத்துக் கேட்டால் தருவார்கள்.